ஒரு காலையில் பதினொரு கடவுச்சொல் பெட்டிகள்: களுவாஞ்சிகுடிப் பகுதிச் சனசமூக நிலையம் ஒன்றின் லினக்ஸ் கணினிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு நகரிலிருந்து ஏ4 வீதி வழியே தெற்கு நோக்கிப் போனால் களுவாஞ்சிகுடிக்கு அண்மையில் வரும் கிராமம் ஒன்றின் சனசமூக நிலையத்தில் நான்கு பழைய மேசைக் கணினிகள் இருக்கின்றன. மூன்றில் சாதாரண தர, உயர்தர மாணவர்கள் மாலையில் படிக்கிறார்கள். நான்காவது அலுவலகக் கணினி. ஊரவர்களின் கடிதங்கள், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு விண்ணப்பங்கள், பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய படிவங்கள் எல்லாம் அதிலேயே தட்டச்சாகி, பக்கத்தில் இருக்கும் பிரின்டரில் அச்சாகின்றன. நிலையத்தைப் பொறுப்பாக நடத்துபவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. ஊர் முழுக்க அவரை டீச்சர் என்றே அழைப்பதால் இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

இந்தக் கணினிகளைச் சம்பளமின்றிப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வின்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. வின்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். எங்களிடம் இருந்தவை மூன்றாம் தலைமுறைச் செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்டவை என்பதால், நான்கிலும் 2029 வரை ஆதரவு உள்ள லினக்ஸ் மின்ட் 22 என்ற இயங்குதளத்தை நிறுவினேன். வேகத்தில் எவருக்கும் குறையில்லை, மாணவர்கள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். ஆனால் மூன்றாவது வாரம் நான் போனபோது, அலுவலக மேசைக் கண்ணாடியின் கீழே, புல்ஸ்கேப் தாளின் ஓரத்தைக் கிழித்து நீலப் பேனையால் எழுதப்பட்ட ஒரு துண்டு, அந்தப் பக்கம் வந்து நிற்கும் எவருக்கும் தெரியும்படி செருகப்பட்டிருந்தது. அதில் இருந்தது நான்கு கணினிகளுக்கும் பொதுவான நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல். முதல் வாரத்தில் வர முடியாதிருந்த ஒரு நாள், அச்சிட முடியவில்லை என்று டீச்சர் தொலைபேசியில் அழைத்தபோது அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அந்தத் துண்டை எடுத்துவிட்டு, இனி எழுதி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் இந்த ஆய்வுக்கு இடமே இருந்திருக்காது. ஏன் எழுதி வைக்க வேண்டி வந்தது என்று கேட்டேன். டீச்சர் சொன்ன விடையை அவர் சொன்னபடியே தருகிறேன்: “தம்பி, அந்த நாளையில செக்பொயின்டுக்குச் செக்பொயின்ட் ஐசியக் காட்டித் திரிஞ்ச மாதிரித்தான் இரிக்கி இது. அங்க பாத்தது இஞ்ச நிக்கிறவனுக்குத் தெரியா. கடைசியில என்னத்துக்குக் கேக்கானெண்டு பாக்காமலே எடுத்து நீட்டப் பழகிட்டம்.”

போர்க்காலத்தில் சோதனைச் சாவடிதோறும் அடையாள அட்டையைக் காட்டி இந்த வீதியில் பயணம் செய்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. கணினித் துறையில் இத்தனை காலம் இருந்தும், தொடர்ந்து கேட்கப்படும் கடவுச்சொல் மனிதரை என்ன செய்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெவரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு கேள்வி அடிக்கடி வந்தால் அதை வாசிக்கும் பழக்கம் போய்விடுகிறது. வாசிக்கப்படாத கேள்வியால் காவல் செய்ய முடியாது.

கணக்கெடுத்த காலை

மறுவாரம் ஒரு காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை டீச்சருக்குப் பக்கத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியுடன் அமர்ந்திருந்தேன். எதிலும் உதவுவதில்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கடவுச்சொல் கேட்கும் பெட்டி ஒவ்வொரு முறை தோன்றும்போதும் நேரம், அப்போது அவர் செய்ய முயன்ற வேலை, பெட்டியில் இருந்த வாசகம், அது கேட்டது எவருடைய கடவுச்சொல், அவர் எதைத் தட்டினார் என்பவற்றைக் குறித்தேன். அன்று பத்து மணியளவில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. அதுவும் எங்கள் வழக்கமான காலையின் ஒரு பகுதிதான் என்பதால் கணக்கிலிருந்து அதை நீக்கவில்லை.

நான்கு மணி நேரத்தில் பதினொரு பெட்டிகள் வந்தன. நான்கைக் கேட்டது சாவிக்கொத்து, அதாவது சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் நிரல். இரண்டு, வன்தட்டின் பழைய ‘டி’ பகுதியைத் திறப்பதற்கு. இரண்டு, நின்றுபோன பிரின்டர் வரிசையை மீண்டும் ஓடவிடுவதற்கு. ஒன்று அப்டேட். மீதி இரண்டும் திரைப்பூட்டு. இந்தப் பதினொன்றில் டீச்சரின் சொந்தக் கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்ளக்கூடியவை திரைப்பூட்டுகள் இரண்டு மட்டுமே. ஐந்துக்கு என்னுடைய நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். எஞ்சிய நான்குக்கு, எவரும் நினைவில் வைத்திராத ஒரு பழைய கடவுச்சொல் வேண்டும். மூன்று வகைப் பெட்டிகளும் சாம்பல் நிறத்தில், நடுவில் ஒரு வெற்றுக் கோட்டுடன், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் வந்தன. நிர்வாகக் கணக்கின் பெயர் ஒரு மூலையில் சிறிதாக இருந்தது உண்மை. ஆனால் முன்னே நிற்பவர் படிவத்துக்காக அவசரப்படுத்தும்போது அந்த மூலையைப் பார்ப்பவர் எவர்? டீச்சர் முதலில் தன்னுடையதைத் தட்டுவார், பெட்டி மறுக்கும், பிறகு கண்ணாடியின் கீழே பார்த்து என்னுடையதைத் தட்டுவார், அதுவும் மறுக்கப்பட்டால் ரத்துச் செய்வார். வாசித்துத் தெரிவு செய்யவில்லை, கையிலிருந்த இரண்டு சாவிகளையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார்.

ஒரு இடத்தில் மட்டும் நான் வாய்திறக்காதிருக்கச் சிரமப்பட்டேன். அவர் தமிழில் ஒரு கடிதத்தைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த நடுவில் திரை பூட்டிக்கொண்டது. தன் கடவுச்சொல்லைச் சரியாகவே தட்டினார், ஒவ்வொரு விசையையும் நான் கண்ணால் பார்த்தேன். மறுக்கப்பட்டது. விசைப்பலகை இன்னும் தமிழில் இருந்தது. பெட்டிக்குள் விழுந்தவை தமிழ் எழுத்துகள், அவருக்குத் தெரிந்தவையோ வெறும் புள்ளிகள். மூன்றாம் முறை விரலை ஒவ்வொரு விசையிலும் அழுத்தி, உதடு அசைய எழுத்தெழுத்தாகச் சொல்லியபடி தட்டினார். அதுவும் மறுக்கப்பட்டது. ஆங்கிலம் மட்டும் தட்டுபவர்களுக்கு இந்த இடர் ஒருபோதும் நேராது, அதனால் அவர்களின் குறைப் பட்டியல்களில் இது மேலே வருவதுமில்லை.

ஏன் இத்தனை காவலர்கள்

லினக்ஸ் மேசைக் கணினியில் கடவுச்சொல் கேட்பது ஒரே நிரல் என்று பயனர் நினைப்பது இயல்பு. உண்மையில் ஒன்றையொன்று அறியாத பல நிரல்கள் அதைக் கேட்கின்றன. கட்டளைச் சாளரத்தில் கேட்பது சூடோ. 1980 அளவில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில், பலர் பகிர்ந்துகொண்ட யுனிக்ஸ் இயந்திரம் ஒன்றுக்காகப் பிறந்த நிரல் அது. ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். மூல நிரலில் அந்த நேரம் 5 நிமிடம், டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் வழியில் வந்தவற்றில் 15 நிமிடம். ஆனால் அந்த நினைவு ஒவ்வொரு கட்டளைச் சாளரத்துக்கும் தனித்தனி, பக்கத்துச் சாளரத்தைத் திறந்தால் மறுபடி கேட்கும். சாளர நிரல்களுக்காகக் கேட்பது போல்கிட். அது ஒவ்வொரு செயலுக்கும் தனி விதி வைத்திருக்கிறது. சில செயல்களுக்கு அனுமதியைச் சுமார் 5 நிமிடம் தக்கவைக்கும், சிலவற்றுக்கு ஒவ்வொரு முறையும் கேட்கும். சூடோவிடம் ஒரு நிமிடத்துக்கு முன் கொடுத்த விடை போல்கிட்டுக்குத் தெரியாது.

சாவிக்கொத்து இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது அனுமதி கேட்பதில்லை. பூட்டிய பெட்டி ஒன்றைத் திறக்கும் சாவியையே கேட்கிறது. வைஃபை, இணைய உலாவி போன்றவை சேமித்த இரகசியங்கள் அந்தப் பெட்டிக்குள் மறைகுறியாக்கப்பட்டுக் கிடக்கின்றன. பயனர் கடவுச்சொல் தட்டி உள்நுழையும்போது அதே சொல்லை வைத்துச் சாவிக்கொத்தும் ஓசையின்றித் திறந்துகொள்ளும் என்பதுதான் ஏற்பாடு. நான் டீச்சருக்கு வசதியாக இருக்கட்டும் என்று கணினி தானாகவே உள்நுழையும்படி அமைத்திருந்தேன். கடவுச்சொல்லே தட்டப்படாவிட்டால் சாவிக்கொத்தைத் திறப்பது எதைக் கொண்டு? எனவே குரோம் திறந்தவுடன் பெட்டி வந்தது, ரத்துச் செய்தால் மறுபடி வந்தது, மின்சாரம் போய் வந்த பிறகு இன்னொரு முறை வந்தது, வைஃபை இணைப்பும் தன் பங்குக்கு ஒருமுறை கேட்டது.

அதற்கு மேல் இன்னொரு பிழையும் என்னுடையது. முதல் வாரத்தில் டீச்சர் இலகுவான கடவுச்சொல் கேட்டபோது, நிர்வாகக் கணக்கிலிருந்து அதை மாற்றிக் கொடுத்தேன். பயனர் தானே மாற்றும்போது பழைய சொல்லும் புதிய சொல்லும் கைவசம் இருப்பதால் சாவிக்கொத்தும் சேர்ந்து மாறும். நிர்வாகி மாற்றும்போது பழைய சொல் அங்கே இல்லை, ஆகவே சாவிக்கொத்து பழைய பூட்டுடனேயே நின்றுவிடும். டீச்சர் தட்டிய எந்தச் சொல்லையும் அது ஏற்காததற்குக் காரணம் அதுவே. தன் ஞாபக மறதி என்று அவர் பல நாள் தன்னைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார் என்பதை அறிந்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தவறு முழுவதும் அமைத்தவரிடம் இருக்க, வெட்கம் முழுவதும் பயன்படுத்துபவரிடம் போய்ச் சேருவதை நான் இந்தத் துறையில் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

‘டி’ பகுதியின் கதை வேறு. செருகிய பென் ட்ரைவை எவரும் கடவுச்சொல்லின்றித் திறக்கலாம், ஆனால் உள்ளே பொருத்திய தட்டின் வேறு பகுதியைத் திறக்கச் சாதாரணப் பயனருக்கு நிர்வாகியின் அனுமதி தேவை. பல பேர் பகிரும் இயந்திரத்தில் இது நியாயமான விதியே. எங்கள் நிலையத்தில் அந்தப் பகுதியில் இருப்பவை கடந்தகால வினாத்தாள்களும் படிவ மாதிரிகளும். பிரின்டர் வரிசையோ, அச்சிடுவதில் தடை ஏற்பட்டால் நின்றுவிடும்படி அமைந்திருந்தது. மின்சாரம் போனபோது ஒருமுறை, தாள் சிக்கியபோது இன்னொருமுறை நின்றது. நின்ற வரிசையை மீண்டும் தொடக்குவது அச்சு நிர்வாகச் செயல் என்று கருதப்படுவதால் கடவுச்சொல் கேட்கப்பட்டது.

இங்கே ஒரு பழைய விவாதத்தை நினைவுபடுத்த வேண்டும். 2012 பெப்ரவரியில் லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பள்ளியில் பிரின்டர் சேர்க்க நிர்வாகக் கடவுச்சொல் கேட்கப்பட்டதாகத் தன் மகள் அழைத்துச் சொன்னதை முன்வைத்து, ஓபன்சூசே என்ற லினக்ஸ் வகையின் அந்தக் கொள்கையைக் கடுமையாகச் சாடினார். மறுபுறம், 2009 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 12 என்ற இன்னொரு லினக்ஸ் வகை, கையொப்பமிட்ட மென்பொருள் பொதிகளைச் சாதாரணப் பயனர்கள் கடவுச்சொல்லின்றியே நிறுவலாம் என்று அனுமதித்தது. கடும் எதிர்ப்பு எழுந்து, சில நாட்களிலேயே அந்த அனுமதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கேள்வியின் எண்ணிக்கையைவிட, எந்தச் செயலால் எவருக்குத் தீங்கு நேரலாம் என்பதே முக்கியம் என்று தெரிகிறது. பிரின்டரை மீண்டும் ஓடவிடுவதால் எவருக்கும் தீங்கில்லை. புதிய மென்பொருளை நிறுவுவதால் நான்கு கணினிகளைப் பயன்படுத்தும் அத்தனை பேருக்கும் தீங்கு நேரலாம்.

செய்தவையும் செய்ய மறுத்தவையும்

முதலில் மறுத்தவற்றைச் சொல்கிறேன், ஏனெனில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் பெரும்பாலானவை அவைதான். சூடோவைக் கடவுச்சொல் கேட்காதபடி அமைத்துவிட்டால் தொல்லை தீரும் என்றார்கள். அப்படிச் செய்தால் அந்தக் கணக்கில் ஓடும் எந்த நிரலும், ஒரு மாணவன் எங்கிருந்தோ இறக்கிய சிறு கட்டளைக் கோப்பு உட்பட, எவருக்கும் தெரியாமல் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். சாவிக்கொத்துக்கு வெற்றுக் கடவுச்சொல் வைக்கும்படியும் பலர் சொன்னார்கள். பெட்டி வராது என்பது உண்மை, ஆனால் சேமித்த இரகசியங்கள் யாவும் மறைகுறியாக்கமின்றிக் கிடக்கும். ஊரவர்களின் மின்னஞ்சல் கணக்குகள் திறக்கப்படும் கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அலுவலகக் கணினியில் தானாக உள்நுழைவதை நிறுத்தினேன். கேட்பதைக் குறைக்க வந்தவர் ஒரு கேள்வியைக் கூட்டுவது முரணாகத் தோன்றலாம். ஆனால் காலையில் ஒருமுறை தட்டும்போதே சாவிக்கொத்தும் திறந்துகொள்வதால், நான்கு பெட்டிகளின் இடத்தை ஒரு கேள்வி எடுத்துக்கொண்டது. பழைய சாவிக்கொத்தின் சொல் எவருக்கும் தெரியாததால் அதை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டி வந்தது. அதனுடன் குரோமில் சேமித்திருந்தவையும் போயின, டீச்சரின் அனுமதியைப் பெற்றே அதைச் செய்தேன். மாணவர் கணினிகள் மூன்றிலும் இரகசியம் எதுவும் சேமிக்கத் தேவையில்லை என்பதால், சாவிக்கொத்தை நாடாத பயர்பொக்ஸை மட்டும் வைத்துத் தானியங்கி உள்நுழைவை அப்படியே விட்டேன். வைஃபை இணைப்பை எல்லாப் பயனர்களுக்கும் உரியதாக மாற்றினேன். அப்போது அதன் சொல் சாவிக்கொத்தில் தங்காமல் நிர்வாகி மட்டும் வாசிக்கக்கூடிய கோப்பில் தங்கும்.

‘டி’ பகுதி கணினி தொடங்கும்போதே இணையும்படி அமைத்தேன். அந்தத் தட்டு பழுதடைந்தாலும் கணினி நின்றுவிடாதபடி அதற்குரிய தெரிவையும் சேர்த்தேன். டீச்சரின் கணக்கை அச்சு நிர்வாகக் குழுவில் சேர்த்தபோது பிரின்டர் பெட்டிகள் நின்றன. தடை ஏற்பட்டால் நிற்காமல் மீண்டும் முயலும்படி வரிசையின் கொள்கையையும் மாற்றினேன், ஏனெனில் கேள்வியை நீக்குவதைவிட அந்தக் கேள்வி எழும் சூழலை நீக்குவது மேல். அப்டேட் தானாகவே நடக்கும்படி மின்ட்டின் அப்டேட் நிரலிலேயே தெரிவு உண்டு, அதை இயக்கினேன். திரைப்பூட்டை எடுக்கவில்லை. அலுவலகக் கணினியில் ஊரவர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் உள்ள படிவங்கள் இருக்கின்றன. பூட்டும் நேரத்தை மட்டும் நீட்டி, டீச்சர் எழுந்து போகும்போது தானே பூட்டுவதற்கான விசையைக் காட்டிக்கொடுத்தேன்.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மின்ட் 21 வரை போல்கிட்டின் பழைய பதிப்பும் அதற்குரிய பழைய வடிவ விதிக் கோப்புகளும் இருந்தன. மின்ட் 22இல் விதிகள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படுகின்றன. பழைய வழிகாட்டலைப் பார்த்துப் பழைய வடிவத்தில் எழுதிவிட்டு, விதி ஏன் வேலை செய்யவில்லை என்று நான் ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். தொலைவிலிருந்து திரையைத் திறந்து பராமரிக்க முயன்றபோதும் பெட்டிகள் பெருகின. கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு உள்ள சலுகைகளைத் தொலைவில் இருப்பவருக்குப் போல்கிட் வழங்குவதில்லை. அது சரியான விதியே. ஆகவே விதியைத் தளர்த்தாமல் கட்டளைச் சாளரம் மூலமே தொலைப் பராமரிப்பைச் செய்கிறேன்.

பிறகு நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். புதியதை டீச்சரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கண்ணாடியின் கீழிருந்த துண்டை அவரே எடுத்துக் கிழித்துப் போட்டார்.

மாற்றத்துக்குப் பின்

இரண்டு வாரம் கழித்து அதே கொப்பியுடன் அதே மேசையருகே எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருந்தேன். இரண்டு பெட்டிகள் வந்தன: காலை உள்நுழைவு ஒன்று, திரைப்பூட்டு ஒன்று. இரண்டும் டீச்சரின் சொந்தக் கடவுச்சொல்லையே கேட்டன. அன்று மின்சாரம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போயிருந்தால் மூன்றாகியிருக்கும். ஒரே மேசையில் இரண்டு காலைகளை வைத்துப் பெரிய முடிவுகளுக்குப் போக நான் விரும்பவில்லை, ஆனாலும் கொப்பியின் இரண்டு பக்கங்களும் அருகருகே இருக்கும்போது வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பிறகு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. “தம்பி, பெட்டியொண்டு வந்திருக்கி. வாசிக்கன், கேளுங்க,” என்று டீச்சர் அதன் ஆங்கில வாசகத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். பிறகு கேட்டார்: “இது கேக்கிறது என்ட பாஸ்வேர்டையா, உங்கட பாஸ்வேர்டையா?” உயர்தர மாணவன் ஒருவன் மென்பொருள் நிரலைத் திறந்து விளையாட்டு ஒன்றை நிறுவ முயன்றிருந்தான். என்னுடையது என்றேன். “அப்ப ரத்துப் பண்ணிட்டு அவனோட கதைக்கன்,” என்று அவர் வைத்துவிட்டார்.

தமிழ் விசைப்பலகையின் சிக்கல் இன்னும் தீரவில்லை. தொடங்கும்போது ஆங்கிலமே இருக்கும்படி வரிசையை மாற்றி, எந்த மொழி இருக்கிறது என்பதைக் காட்டும் குறியைப் பெரிதாக்கிப் பட்டையில் வைத்திருக்கிறேன், ஆனால் திரை பூட்டியிருக்கும்போது பட்டை தெரிவதில்லை. எங்கள் கணினிகளில் வரும் பெட்டிக்குள்ளேயே, எழுதும் கோட்டின் பக்கத்தில், ‘த’ என்றோ ‘ஆ’ என்றோ ஒரே ஒரு எழுத்துத் தோன்றினால் போதும். அதற்கான குறை அறிக்கையை, டீச்சர் மூன்று முறை தட்டிய அந்தக் காலையின் விவரத்துடன், எழுதிக்கொண்டிருக்கிறேன்.